பைப்புக்குள் பூமாரி

ராயபுரத்தில் பூமாரியைத் திமிர் பிடித்தவள் என்பார்கள். சொன்னவர்களில் ஒருவராவது அவள் தவழ்ந்த பைப்புக்குள் கால் நாழிகை தவழ்ந்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பார்.

அவள் புருஷன் கோதண்டம் கொத்தனார். அவர்கள் தெருவின் செங்கல் சாக்கடை அவன் கட்டியதுதான். காரை உதிர்ந்தது, எலி வளை தோண்டியது, மேலே பார வண்டிகள் ஏறி ஏறிக் கல் விலகியது. சாக்கடை கசிந்து கிணற்றில் இறங்கியது யாருக்கும் தெரியவில்லை. ஐம்பதாம் வருஷத்து மழையில் வாந்திபேதி வந்து, அவர்களுடைய மூன்று வயது நீலா ஒரே பகலில் போய்விட்டாள்.

மறு வருஷம் அதே தெருவுக்குச் சிமெண்டு பைப்பு வந்தது. உள்ளே கம்பி கட்டி வார்த்த பைப்பு. ஒவ்வொன்றும் ஆள் நீளத்துக்கு மேல். கசிய இணைப்புகளே கொஞ்சம். அதையும் தார்க்கயிறு திணித்துப் பூசிவிடுவார்கள். மழைக்கு முன் இது முடிந்தால் இன்னொரு குழந்தை சாகாது. அந்த ஒரே எண்ணத்தில் பூமாரி அங்கே சித்தாளாகச் சேர்ந்தாள். சின்ன உடம்பு என்பதால், தவழ்ந்து போய் இணைப்புகளை உட்பக்கம் பூசுவது அவள் வேலை ஆனது.

"எங்க பொயப்புல மண்ண போடறவங்கிட்டயே கூலிக்குப் போறியாடி?" என்று கோதண்டம் பூச்சைச் சமன் பண்ணும் மட்டக்கட்டையாலேயே அடித்தான். பல் உடைந்தது. வீங்கின முகத்தோடு மறுநாளும் வேலைக்குப் போனாள்.

உள்ளே ஆள் இருந்தால் பைப்பு வாயில் சிவப்புத் துணி கட்டுவது அந்த வேலைக்காரர்கள் வழக்கம். ஒருநாள் எல்லோரும் சோற்றுக்குப் போன உச்சிவேளையில், பூச்சு இறுகிவிடும் என்று பூமாரி மட்டும் உள்ளேயே இருந்தாள். அப்போதுதான் கோதண்டம் நாலு கொத்தனார்களோடு சம்மட்டி தூக்கி வந்தான். துணியைப் பார்த்தான். செங்கல் வேலைக்காரனுக்கு அது திருஷ்டித் துணி.

"பைப்புக்குத் திருஷ்டி வேறயா!" என்று பிய்த்து எறிந்தான்.

பைப்பு வேலையின் மேஸ்திரி ஹென்றி கத்திக்கொண்டே ஓடிவந்தார். ஒருவன் கடப்பாரையால் அவர் வாயில் இடித்தான். உள்ளே ஆள் இருக்கிறது என்று சொல்ல வந்த வாயில் ரத்தம்தான் வந்தது. விழுந்தவரை இன்னொருவன் விலாவில் மிதித்தான்.

கோதண்டம் வெறி பிடித்தவனாகப் பைப்பை அடித்தான். சிமெண்டு சிதறியது, கம்பி தெரிந்தது, பைப்பு பிளக்கவில்லை. உள்ளே ஒவ்வோர் அடியும் பூமாரியின் மண்டைக்குள் இறங்கியது. அவள் அலறியது அந்தச் சத்தத்தில் வெளியே வரவில்லை. அவன் கை ஓய்ந்தபோதுதான் அவள் தவழ்ந்து வெளியே வந்தாள். இரண்டு காதிலும் ரத்தம்.

"பூமாரி... நீயா உள்ள இருந்தே?"

அவளுக்குக் கேட்கவில்லை. சம்மட்டியைப் பிடுங்கினாள். மண்டை பிளக்கப்போகிறது என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் அவனைத் தாண்டிப் போய்ப் பழைய சாக்கடையின் தலையில் போட்டாள். இரண்டாவது அடியிலேயே அதன் செங்கல் வளைவு பொலபொலவென்று சரிந்தது. கறுப்புத் தண்ணீர் அவன் காலைச் சுற்றிக்கொண்டது.

"அத்தினி அடி அடிச்சியே, அது ஒடைஞ்சுதா? நீ கட்னத பாரு!" காது அடைத்திருந்ததால் தெருவே கேட்கக் கத்தினாள். "நம்ம கொயந்த இத்தத்தான்யா குடிச்சா!"

கோதண்டம் அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். அவள் அவனைத் தூக்கவில்லை. ஹென்றியைத் தூக்கி நிழலில் சாய்த்தாள். பிறகு கொத்துக்கரண்டியைத் தேடி எடுத்துக்கொண்டு, பூச்சு காய்வதற்குள் முடிக்க மறுபடி பைப்புக்குள் போனாள்.