இஸ்மத்தின் ஊன்றுகோல்

ஹபீபுன்னிசா ஜாக்கெட் தைத்துப் பிழைத்தவள். ஊசிக் காதில் ஒரே தடவையில் நூல் கோத்துவிடுவாள். ஆனால் காலடியில் இருக்கும் வாளி தெரியாது. சிறுவயதிலிருந்தே பார்வை ஓரங்களில் சுருங்கி, எதிரே ஒரு வட்டம் மட்டும் மிஞ்சியிருந்தது. பொழுது சாய்ந்தால் அதுவும் போய்விடும். பள்ளிவாசலின் லைன் வீடுகளில் மாற்றுத்திறனாளிகளுக்குப் பாதி வாடகை. அதனால்தான் உக்கடத்தில் தனியாகக் காலம் தள்ள முடிந்தது.

அடுத்த வீட்டு இஸ்மத்துக்கும் அதே சலுகை. இளம்பிள்ளை வாதத்தில் கால் சூம்பிப்போனவள். அவளுடைய ஊன்றுகோலைக் கண்டாலே ஹபீபுன்னிசாவுக்கு வயிறு எரியும். அந்தக் கட்டை பஸ் ஏறினால் நாலு பேர் எழுந்து இடம் கொடுப்பார்கள். இவள் யார்மேலாவது மோதினால், "கண்ணு தெரியலீங்களா?" என்பார்கள். ஆமாம் என்றாலும் நம்பமாட்டார்கள்.

சலுகையை உண்மையில் தேவைப்படுகிறவர்களோடு நிறுத்திக்கொள்வதென்று நிர்வாகம் முடிவெடுத்தது. செயலாளர் கலீல் ரஹ்மான் ஒருநாள் பகலில் வீடு வீடாகப் பார்க்க வந்தார். வருகிறவர் விருந்தாளியல்லவா? ஹபீபுன்னிசா வீட்டைத் துடைத்து, டீ போட்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் நீட்டினாள். அவள் வீட்டில் அவள் வைத்த சாமான்கள். இருட்டிலும் கை தானாகப் போகும்.

"உங்களுக்கு ஒண்ணும் குறை தெரியலீங்களே," என்றார் அவர். அடுத்த மாதத்திலிருந்து முழு வாடகை. கட்ட முடியாவிட்டால் காலி செய்ய வேண்டியதுதான். உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாத இஸ்மத்துக்குச் சலுகை தொடர்ந்தது.

"உனக்கென்ன, உன் கட்டை பேசுது," என்றாள் ஹபீபுன்னிசா.

"உங்களை யாருங்க்கா டீ போடச் சொன்னது? பொண்ணா பார்க்க வந்தாரு?" என்று சிரித்தாள் இஸ்மத்.

மறுநாள் பொழுது சாய்ந்து, மஃரிபு தொழுகை முடிந்து திரும்பிய கலீல் ரஹ்மானை இஸ்மத் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தாள். அப்புறம் சுவரைத் தட்டினாள்.

"ஹபீபாக்கா, இங்க நம்ம அடுப்படியில டீ இருக்குது. பாய்க்கு எடுத்துட்டு வாங்க."

எதற்கென்று ஹபீபுன்னிசாவுக்குப் புரிந்தது. அவமானத்தை விழுங்கிக்கொண்டு போனாள். பழக்கமில்லாத வீடு. டம்ளரோடு வந்தவளைச் சுவரில் சாய்த்திருந்த ஊன்றுகோல் இடறிவிட்டது. விழுந்தாள். டீ செயலாளரின் வேட்டியில் கொட்டியது. முழங்காலருகே கிடந்த டம்ளரை அவள் கை எங்கெங்கோ துழாவுவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பாதி வாடகையே கொடுங்கம்மா," என்றார்.

எழுப்பிவிட இஸ்மத் ஊன்றுகோலைத்தான் நீட்டினாள். ஹபீபுன்னிசா அதைப் பிடித்து எழுந்தாள். தன் கண்ணுக்குச் சாட்சி சொல்லவும் அந்தக் கட்டைதான் வேண்டியிருந்தது.

போன ரமலானில் மவுத்தாகிக் கண்மூடும்வரை அந்த வீட்டில்தான் இருந்தாள். வாசலில் ஊன்றுகோல் சத்தம் கேட்டால் மட்டும் தையல் மெஷினை வேகமாக மிதிப்பாள், அது கேட்காதபடிக்கு.