சத்தமில்லாமல் கட்டிய ஆலயம்

வெள்ளை உருண்டையாக இருக்கும், கறுப்பு சதுரமாக இருக்கும். எங்கள் சங்கத்தில் புதிதாக ஒருவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று வாக்கெடுக்கும்போது மேசைமேல் ஒரு மரப்பெட்டியையும் பக்கத்தில் ஒரு கிண்ணத்தையும் வைப்பார்கள். கிண்ணத்தில் வெள்ளை உருண்டைகளும் கறுப்புக் கட்டைகளும் கலந்து கிடக்கும். சேர்க்கலாம் என்பவர் உருண்டையைப் பெட்டிக்குள் போடுவார், வேண்டாம் என்பவர் கட்டையைப் போடுவார். எல்லாம் ஒரு துணிக்குக் கீழே நடக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே இரண்டுக்கும் இரண்டு வடிவம். ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் வந்தவர் திரும்பிப் போகவேண்டியதுதான்.

நான் அந்தக் கறுப்புக் கட்டையை ஒரே மனிதனுக்கு, ஒரே பின்னேரத்தில் இரண்டு முறை போட்டேன். அவனைச் சேர்க்கும்படி முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவனும் நானே. எண்பதை நெருங்கிவிட்டேன். இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல இனி எனக்கு நேரமில்லை.

எங்கள் கூடம் பதுளையில் ஒரு மேட்டில் இருக்கிறது. வெள்ளைக்காரத் துரைமார் தொடங்கியது. அவர்கள் குதிரையில் தோட்டங்களுக்குத் திரும்ப நிலா வேண்டியிருந்ததாம், அதனால் பௌர்ணமிப் போயாவை ஒட்டிய சனிக்கிழமைகளில் கூடினார்கள். இப்போது எல்லாரும் காரில் வருகிறோம், கூடும் நாளை மட்டும் யாரும் மாற்றவில்லை. டாக்டர்கள், சட்டத்தரணிகள், ஓய்வுபெற்ற தோட்டத்துரைமார் என்று எல்லா இனத்தாரும் இருக்கிறோம். கட்டடம் கட்டுகிறவனின் கருவிகளை வைத்து ஒழுக்கத்தைச் சொல்லித்தருவது அங்கே வழக்கம். தூக்குக்குண்டு நேர்மைக்கு, மூலைமட்டம் நடத்தைக்கு. எல்லாவற்றுக்கும் நடுவில் ஓர் ஆலயம், பழங்காலத்தில் எருசலேமில் ஓர் அரசன் கட்டியது.

வருடத்தில் ஒருநாள் குடும்பத்தாரையும் விருந்தினரையும் அழைத்து அந்த ஆலயத்தைப் பற்றி ஒருவர் ஆங்கிலத்தில் பேசுவார். பன்னிரண்டு வருடமாக அந்த ஒருவர் நான். கல்லூரியில் ஆங்கிலம் படிப்பித்துத் துணை அதிபராக ஓய்வுபெற்றவன், குரல் இன்னும் நடுங்கவில்லை. வாசலில் நின்ற இரண்டு தூண்களில் தொடங்குவேன். பிறகு மேசைமேல் இருக்கும் இரண்டு கற்களைக் காட்டுவேன். ஒன்று கரடுமுரடாக மலையில் இருந்து பெயர்த்த கல், நாம் பிறந்தபடி. மற்றது ஆறு முகமும் ஒரே அளவாகச் செதுக்கிய சதுரக்கல், நாம் ஆகவேண்டியபடி. கடைசியில் குரலைத் தாழ்த்தி, அந்த ஆலயத்துக் கற்களை எல்லாம் தூரத்து மலையிலேயே செதுக்கி முடித்துக் கொண்டுவந்தார்கள், கட்டும் இடத்தில் இரும்புச் சத்தமே கேட்கவில்லை என்பேன். மனிதனும் தன் கோணல்களைத் தனக்குள்ளேயே சத்தமில்லாமல் செதுக்கிக்கொண்டு பிறகுதான் நாலு பேர் மத்தியில் தன் இடத்துக்கு வரவேண்டும் என்று முடிப்பேன். கைதட்டல் வரும். அது எவ்வளவு நேரம் நீடித்தது என்பது வீடு திரும்பும்வரை மனதில் ஓடிக்கொண்டிருக்கும்.

மூன்று வருடங்களுக்கு முன் அந்தப் பேச்சுக்கு என் பள்ளித்தோழனை அழைத்தேன். நமுனுகுலப் பக்கம் ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள் நாங்கள். என் அப்பா அங்கே பெரிய கிளாக்கர், அவன் அப்பா தோட்டத்து மேசன், கல் கட்டுகிறவர், தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் குடியிருந்தவர். பள்ளிக்கூடத்தில் அவன் என்னைச் ‘சின்னக் கிளாக்கர்’ என்பான், நான் அவனை ‘மேசன்’ என்பேன். அவன் விளையாட்டுக்குச் சொன்னான். நான் முழுக்க விளையாட்டுக்குச் சொன்னேன் என்று இப்போது எழுத முடியவில்லை. என் அப்பாவைப் பார்க்க வந்தால் அவன் அப்பா படிக்குக் கீழேயே நிற்பார்.

நான் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். அவன் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைக்குப் போய் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் அதிபராகி ஓய்வுபெற்றான். எப்படிப் பார்த்தாலும் நான்தான் மேலே. ஆனால் பதுளை பஸ் நிலையத்தில் அவனோடு நடந்தால் பத்து அடிக்கு ஒருவர் நிறுத்திக் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவார்கள். என்னிடம் படித்தவர்கள் என்னைக் கண்டால் “குட் மோர்னிங் சேர்” என்று சொல்லிவிட்டு வழிவிடுவார்கள். வழிவிடுவதை மரியாதை என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவன் மனைவி இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. ஒரே மகள் கொழும்பில் வேலை செய்கிறாள். தெமோதரையில் கட்டிய சின்ன வீட்டில் தானே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தான். தனிமையாக இருக்கிறானே என்று அழைத்ததாக என் மனைவியிடம் சொன்னேன். உண்மையில், நான் பேசுவதை அவன் ஒருமுறை கீழே உட்கார்ந்து கேட்கவேண்டும் என்றுதான் அழைத்தேன்.

பேச்சு முடிந்து தேநீர் குடிக்கும்போது எங்கள் தலைவர் எங்களிடம் வந்தார். ஓய்வுபெற்ற தோட்டத்துரை, சிங்களவர், நல்ல மனிதர். அந்த நேரம் நண்பன் என்னிடம் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தான்: “எல்லாம் நல்லா இருந்திச்சி கிளாக்கரே. ஒண்ணுதான் எனக்கு இடிக்குது. கோயிலு சத்தமில்லாம எழும்புச்சின்னா, சத்தம் வேற எங்கயோ இருந்திருக்கு. மலையில கல்லு ஒடச்சவன் காதுல போய் கேட்டாத் தெரியும்.”

என்ன சொல்கிறார் என்று தலைவர் கேட்டார். நான் பாதியாகச் சுருக்கி மொழிபெயர்த்தேன். அது போதவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவனிடமே சிங்களத்தில் கேட்டார், அவனும் சிங்களத்தில் தொடர்ந்தான். தேயிலை மலையில் தன் அப்பா கட்டிய கல்கட்டுகளைப் பற்றிச் சொன்னான். அப்பா கல்லைச் செதுக்கியது குறைவாம், கையில் எடுத்துத் திருப்பித் திருப்பி அதற்கு முகம் எது என்று பார்ப்பாராம். முகம் தெரிந்த கல்லை முன்னால் வைப்பார். முகமே இல்லாத சில்லுக்கற்களைப் பின்னால் திணிப்பார். மழைத்தண்ணீர் அந்தச் சில்லுகளுக்குள்ளால்தான் வடியும். அவை இல்லாவிட்டால் முன்னால் இருக்கும் அழகான கற்கள் ஒரே மாரியில் சரிந்துவிடும். உங்கள் மேசையில் இரண்டு கல் இருக்கிறது, மூன்றாவதாக ஒரு பிடி சில்லையும் வையுங்கள் என்று சொல்லிச் சிரித்தான்.

சுற்றிவர ஏழெட்டுப் பேர் நின்றார்கள். டாக்டர் ஒருவர் கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டு அவன் கைகளையே பார்த்தார், அந்தக் கைகள் அங்கே இல்லாத ஒரு கல்லைத் திருப்பிக்கொண்டிருந்தன. தலைவர் எனக்கு நன்றி சொல்ல மறந்துபோனார். காரில் வரும்போது என் மனைவி, “அண்ணன் என்னா அழகாப் பேசுனாரு” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “நீங்களுந்தான்” என்றாள். அந்த ‘நீங்களுந்தான்’ என்னை ஒரு கிழமை தூங்கவிடவில்லை.

அடுத்த கூட்டத்திலேயே தலைவர் என்னைத் தனியாக அழைத்து, உங்கள் நண்பரைச் சங்கத்தில் சேர்ப்போம், அடுத்த முறை ஆலயத்தைப் பற்றி அவரும் பேசட்டும் என்றார். ‘அவரும்’ என்றுதான் சொன்னார். எனக்கு ‘அவர்’ என்றே கேட்டது. அவனோடு பழக்கமானவன் நான் என்பதால் நானே முன்மொழிய வேண்டும். மறுக்க என்னிடம் காரணம் ஒன்றும் இல்லை, சொல்லக்கூடிய காரணம்.

தெமோதரைக்குப் போய்ச் சொன்னேன். அவன் முதலில் நம்பவில்லை. “என்னயெல்லாம் சேப்பாங்களா? லயத்துல பொறந்தவன்டா நான்” என்றான். பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டே, “ஆசதான். மாசத்துல ஒரு நாளாவது நாலு பேரோட ஒக்காந்து பேசலாம். இப்ப ரேடியோவுக்குத்தான் பதில் சொல்லிக்கிட்டு இருக்கேன்” என்றான். சங்கத்துக்குக் கறுப்புக் கோட்டு வேண்டும் என்றேன். பதுளையில் அளவு கொடுத்துத் தைத்தான். தைத்த அன்று அதைப் போட்டுப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பியிருக்கிறான்.

வாக்கெடுத்த அன்றே அவனைச் சேர்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அதனால் அவன் புதுக்கோட்டோடு வெளியறையில் காத்திருந்தான். உள்ளே நாங்கள் பதினாறு பேர் வரிசையாக எழுந்துபோய்த் துணிக்குக் கீழே கையை விட்டோம். எனக்கு முன்னால் போனவர்கள் எல்லாரும் சட்டென்று போட்டுவிட்டு வந்தார்கள். என் விரலில் முதலில் பட்டது உருண்டை. அதை விட்டுவிட்டுத் தேடினேன். கட்டை அகப்பட்டது. ஆறு முகமும் ஒரே அளவு. மனிதன் ஆகவேண்டியபடி என்று வருடாவருடம் நான் காட்டிய கல்லின் குட்டிவடிவம். பெட்டிக்குள் பச்சைக் கம்பளித்துணி ஒட்டியிருப்பதால் விழுந்தபோது சத்தம் வரவில்லை.

தலைவர் பெட்டியைத் திறந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். எங்கள் விதியில் ஒரு தயவு இருக்கிறது. ஒரேயொரு கறுப்பு விழுந்தால், யாருக்காவது விரல் தவறியிருக்கலாம் என்று அப்போதே இன்னொரு முறை வாக்கெடுப்பார்கள். தலைவர் அப்படியே சொன்னார். மீண்டும் வரிசையில் நின்றேன். வெள்ளையைப் போட்டிருந்தால் முதலாவது வெறும் கைத்தவறாகப் போயிருக்கும், என் மனதிலும்கூட. போடத்தான் நினைத்தேன். அந்த நேரம் வெளியறையில் இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் சிரித்தார். இத்தனை வருடத்தில் அந்த மனிதர் என்னைப் பார்த்து ஒரு புன்னகைகூடச் செய்ததில்லை. பத்து நிமிடத்தில் இவன் அவரைச் சிரிக்க வைத்துவிட்டான்.

கட்டையை எடுத்துப் போட்டேன்.

முன்மொழிந்தவனே போய்ச் சொல்வது வழக்கம். கதவைத் திறந்ததும் அவன் எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

“கூப்புடுறாங்களா?”

இல்லை, ஒருவர் விரும்பவில்லை என்றேன். அவன் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினான்.

“லயத்து ஆளுன்னா?”

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவன் என் தோளைத் தட்டி, “நீ ஏன்டா மொகத்த தொங்கப்போட்டுக்கிட்டு நிக்கிற? நீ கையெழுத்துப் போட்ட, எனக்கு அது போதும்” என்றான். அவனே கீழே நடந்துபோய் பஸ் எடுத்தான்.

அதற்குப் பிறகு யார் அந்தக் கறுப்பு என்று சங்கத்தில் சாடைமாடையாகப் பேசிக்கொண்டார்கள். அப்புத்தளைப் பக்கம் இருந்து வரும் ஒரு பழைய தோட்டத்துரைமேல் சந்தேகம் விழுந்தது, வாய் கொஞ்சம் கடுமையானவர். அவரோடு தேநீர் குடிப்பதைச் சிலர் நிறுத்தினார்கள். நானும் நிறுத்தினேன்.

வருடாந்தப் பேச்சு மறுபடியும் எனக்கே வந்தது. முதல் வருடம் பழையபடியே பேசினேன். இரண்டாவது வருடமும் தூண்களைச் சொன்னேன், இரண்டு கற்களைக் காட்டினேன், இரும்புச் சத்தம் கேட்கவில்லை என்றேன். வழக்கமான முடிவுக்குப் போகாமல் என் வாய் தானாக இன்னொன்றைச் சொன்னது: ஆலயம் சத்தமில்லாமல் எழும்பியது என்றால் அந்தச் சத்தம் வேறெங்கோ இருந்திருக்கிறது. பிறகு நான் ஒருநாளும் கேட்டிராத கைதட்டல். கையைக் குலுக்கிய தலைவர், இது உங்கள் பேச்சுகளிலேயே சிறந்தது என்று சொல்லிவிட்டு, கையை விடாமல் என் முகத்தைப் பார்த்தார். யாருடைய சொல் என்று அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. கறுப்பு யாருடையது என்பதும் அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

அந்தக் கைதட்டலைத் தாங்கிக்கொண்டு என்னால் மூன்று நாள்கூட இருக்க முடியவில்லை. நாலாவது நாள் காலையில் தெமோதரைக்குப் போனேன். மழையில் அவன் தோட்டத்து வரம்பு சரிந்திருந்தது, கல்கட்டு கட்டிக்கொண்டிருந்தான். குளிருக்கு, இடுப்பில் கட்டிய சாரத்துக்கு மேலே அந்தக் கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தான். முழங்கை இரண்டும் மண். “வாங்க கிளாக்கரே, அந்தச் சில்ல எடுத்துக் குடு” என்றான். நான் கொடுக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். கிண்ணம், உருண்டை, கட்டை, தயவுக்காக இரண்டாவது முறை, எல்லாவற்றையும் சொன்னேன். அவனுடைய வசனத்தை என்னுடையதாகப் பேசியதையும் சொன்னேன்.

அவன் கையில் இருந்த கல்லைக் கீழே வைத்தான்.

“ரெண்டாவது தடவயும் நீதானா?”

“ரெண்டாவது தடவயும் நான்தான்.”

“மொதத் தடவ எனக்கு வெளங்குது” என்றான். கோபப்பட்டிருந்தால் நான் தலையைக் குனிந்துகொண்டு திரும்பியிருப்பேன். அவன் கோட்டுப் பையில் இருந்து போனை எடுத்துத் துடைத்தான்.

“மககிட்ட நான் என்னா சொன்னேன் தெரியுமா? லயத்து ஆளுன்னு ஒதுக்கிட்டாங்கம்மா, இன்னும் அப்பிடித்தான் இருக்காங்கன்னு சொன்னேன். அவ அழுதா. அந்தப் படத்த ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டியிருக்கா. ரெண்டு வருசமா அது அவ மனசுல கெடக்கு.” மகளின் எண்ணை அழுத்திப் போனை என்னிடம் நீட்டினான். “நான் சொல்லமாட்டேன். நீ சொல்லு.”

மன்னித்ததாகவும் சொல்லவில்லை, மன்னிக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு குந்தினான். அந்த நேரத்திலும் ஒன்று தோன்றியதை எழுதிவிடுகிறேன். என் பிள்ளைகளில் யாரும் எனக்காக ஒருநாளும் அழுதிருக்கமாட்டார்கள் என்று தோன்றியது. அப்போதும் பொறாமைதான்.

போனில் அவள் குரல் வந்தது. “அப்பா, சாப்ட்டீங்களா?”

“மாமா பேசுறேன்மா” என்றேன்.

“மாமாவா? அப்பாவுக்கு ஒண்ணுமில்லையே? அது என்னா சத்தம்?”

“ஒங்கப்பா கல்லு ஒடைக்கிறாரு. நல்லா இருக்காரு. நான் ஒனக்கு ஒண்ணு சொல்லணும், முழுசாக் கேளு” என்று தொடங்கினேன்.