சாம்பல் தூவிய பாத்தி

பாண்டிமீனாவுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. பால்காரர் எதிரில் நிற்கும்போதே பாலில் விரலை விட்டுப் பார்ப்பாள். பட்டாசுக் கம்பெனியில் வேலைக்கு உட்காருமுன் தூக்குவாளி மூடியை நூலால் கட்டி வைப்பாள். அப்படிப்பட்டவளிடம் ஒரே ஒரு பீர்க்கங்காயின் விதைதான் மிஞ்சியிருந்தது என்றால், மாசி மாதம் அவள் பட்ட பாட்டைக் கேட்கவா வேண்டும்?

அப்படியொரு இனிப்பான பீர்க்கு அது. விதைக்கு விட்ட காய்களை அணில் கடித்துப்போட, தப்பியது ஒன்றுதான். இந்தத் தடவை முளைக்காவிட்டால் வித்தே அற்றுப்போகும். பக்கத்து வீட்டுப் பொன்மணி, ஒரே வேனில் வேலைக்குப் போகிறவள், பொங்கல் கழிந்து நாலு விதை கேட்டாள். "இந்த வருசம் வெதையே தங்கல புள்ள" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டாள் பாண்டிமீனா.

ஞாயிற்றுக்கிழமை கொல்லையைக் கொத்தி, ஆட்டு எரு போட்டு, இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரோரம் நின்று விதையைச் சுளகில் புடைத்தாள். சொத்தை எல்லாம் பறந்தது. கனத்த விதையில் பாதியை ஊன்றினாள். மறுநாள் காலையில் பார்த்தால் குழிகள் கிளறிக் கிடந்தன.

"பொன்மணி வீட்டுக் கோழி கெளறியிருக்கும்" என்றார் கணவர் மாரிக்கண்ணன்.

"கோழிக்கு என் வெதைதான் கேக்குதாக்கும்! கேட்டுக் கெடைக்கலைன்னதும் கோழிய வளக்குறவ எறங்கிட்டா."

அன்றிலிருந்து வேனில் பொன்மணி பக்கத்தில் அவள் உட்காரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கூடை கவிழ்ந்து கிடந்ததும் கண்ணை உறுத்தியது. என்னத்தை மூடி வைத்திருக்கிறாள்?

காலடித் தடத்தை வைத்தே திருடியைப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தாள். அதற்குச் சாம்பல் வேண்டும். கேஸ் அடுப்பு வந்தபின் வீட்டில் ஏது சாம்பல்? கம்பெனிக்குப் பின்னால் கழிவுத் தாளை எரிக்கிற குழியில் மாவு மாதிரிக் கிடந்தது. பை நிறைய அள்ளி வந்தாள். மிச்ச விதையையும் ஊன்றித் தண்ணீர் விட்டு, பாத்தி முழுக்கத் தூவினாள். தினமும் சாயங்காலம் தூவுவதும், விடிந்ததும் குனிந்து தடம் தேடுவதுமாகப் பொழுது போனது. தடமும் இல்லை, முளையும் இல்லை.

கால் வைக்காமலே எடுக்கிறாள், சுவர் மேலிருந்து தொரட்டிக் கம்பை நீட்டுகிறாள் என்று பாண்டிமீனாவுக்குத் தோன்றிவிட்டது. சாம்பலை இன்னும் கனமாகத் தூவினாள். சுவர் நெடுக உடைமுள்ளை வெட்டிப் பரப்பினாள்.

அப்படி முள்ளை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் பொன்மணி அந்தக் கூடையைத் தூக்கினாள். அடியில் பீர்க்கங்கன்றுகள், இலை விரித்து நின்றன. பாண்டிமீனா சுவருக்கு மேல் எட்டிக் கத்தினாள்.

"ஏ பொன்மணி! அது யாரு வெதை?"

"உங்க வெதைதான் மதினி."

இவ்வளவு கூசாமல் ஒத்துக்கொள்வாள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"அன்னைக்குச் சொவரோரம் நின்னு புடைச்சீகள்ல? சொத்தைன்னு நீங்க தள்ளுனதெல்லாம் இங்கனதான் விழுந்துச்சு. அதுல மொளைச்சதுதான். கோழி கொத்திரும்னு மூடி வச்சேன். நீங்கதான் மூஞ்சி குடுத்தே பேச மாட்டேங்கிறீகளே, எப்படிச் சொல்ல?"

"அப்ப நான் ஊனுனது எங்க போச்சு?"

பொன்மணி எட்டிப் பாத்தியைப் பார்த்தாள். "அது என்ன மதினி வெள்ளையா? கம்பெனிக் குழிச் சாம்பலா? அம்புட்டும் வெடிமருந்து ஒட்டுன தாளுல்ல! அந்தக் குழியச் சுத்தி ஒரு புல்லு மொளைச்சுப் பாத்திருக்கீகளா?"

பார்த்ததில்லை. தினமும் அந்தக் குழிக்கு எதிரில்தான் மத்தியானச் சோறு. கையில் துளி மருந்து இருந்தாலும் சோற்றைத் தொடாதவள் அவள். உட்கார்ந்து விரலால் மண்ணைக் கிளறினாள். ஊன்றிய விதை ஊன்றிய இடத்திலேயே கறுத்து அழுகிக் கிடந்தது. முதல் தடவை கிளறியது கோழிதான்; எந்தத் திருடியும் வரவில்லை. விதையைக் கொன்றது அவள் போட்ட காவல். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

"இதப் பிடுங்கி உங்க பக்கம் நட்டுக்கிடுங்க மதினி."

"வேண்டாம் புள்ள. பீர்க்கு வேர் அசைஞ்சா தாங்காது. அங்கனயே வளரட்டும்."

"வளரட்டும். ஆனா கொடி ஏற இந்தச் சொவத்த விட்டா வேற எடமில்லையே. மேல பூராவும் முள்ளு போட்டிருக்கீக. யாருக்கு மதினி போட்டீக?"

பாண்டிமீனா கல்லைப் போட்டு ஏறி நின்று, முள்ளை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள்.

"பாத்து எடுங்க மதினி, கையில குத்திரும்" என்றாள் பொன்மணி.