வளர மறந்த அணுக்கள்

கும்மிடிப்பூண்டியில் ஷிப்டு முடித்து, ரத்தப் புற்றுநோயோடு சென்னை ஆஸ்பத்திரியில் கிடந்த கணவரைப் பார்க்க ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். கவரைப்பேட்டையில் ஏறி எதிரே உட்கார்ந்த அம்மாள் புற்றுநோய் ஆராய்ச்சி செய்பவராம். நரைத்த கிராப்பு; பேசும்போதெல்லாம் கண்ணாடியை முந்தானையில் துடைப்பார்.

கணவருக்குக் கொடுத்துவந்த மாத்திரையின் பெயரைச் சொல்லி, “இது கேன்சரக் கொல்லுமா மேடம்?” என்றேன்.

“கொல்லாதும்மா. கருவுல கொழந்த வளர்ற மாதிரி ரத்த அணுவும் படிப்படியா வளரணும். உங்க ஊட்டுக்காரருக்கு அது பாதியில நின்னுகினு பெருகுது. இந்த மாத்திரை அத வளர வெக்கும். வளந்துட்டா பெருகாது.”

“நீங்க ஆராய்ச்சி பண்றதும் இப்டிதானா?”

“அது வேற கேன்சர். அந்த அணு இன்னும் வளர மாட்டேங்குது” என்று சிரித்தார்.

பல நாள் கழித்து அன்றுதான், உட்கார்ந்தபடியே தூங்கினேன்.

கணவர் இப்போது வேலைக்குப் போகிறார். அந்த அம்மாளை மறுபடி பார்க்கவில்லை. பார்த்தால், அவர் ஆராயும் அணுவும் வளர்ந்ததா என்று கேட்க வேண்டும்.