துரை மாற்றாத தகரம்

தொண்ணூறுகளில் ஒரு பத்திரிகை அஞ்சலட்டைக் கதைப் போட்டி நடத்தியது. சரியாக ஐம்பது சொல் இருக்கவேண்டும். பதுளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் தகரக் கூரை ஒழுகுவதையும், பார்க்க வந்த தோட்ட மேனேஜர் துரை வீட்டுக்குள்ளேயே குடை விரித்து நின்றதையும் எழுதினேன். எழுத்தாளன் என்ற மிதப்பில் அட்டையைத் தோட்ட ஆபீஸ் தபால் பையிலேயே போட்டேன். திறந்த அட்டையை வழியில் யாரும் படிக்கலாம் என்று உறைக்கவில்லை.

பரிசு கிடைத்தது. ஆனால் அச்சில் வந்த கதையின் கடைசி வரி நான் எழுதாதது: "துரை உடனே தகரம் மாற்றினார்."

ஆபீஸுக்கு ஓடினேன். யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஐயா சிரித்தார். "தம்பி, எண்ணிப் பாத்தனான். நாலு சொல் குறைஞ்சு கிடந்தது. நான் போடாட்டி உமக்குப் பரிசே இல்லை."

எண்ணத் தெரியாதவன் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக என் கதையில் துரைக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்க இவர் யார்?

அடுத்த மழையில் அம்மா தகரம் கேட்டு ஆபீஸுக்குப் போனார். "மாத்தியாச்செண்டு பேப்பரிலேயே வந்திட்டுதே" என்று அதே கிளாக்கர் பத்திரிகையை நீட்டினாராம். நனைந்து வந்த அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "நல்லா எழுதுனடா! போ, அந்தத் தகரத்தையும் நீயே எழுதிக் கொண்டாந்து போடு!"

பல வருஷம் கழித்து, பதுளை நெட் கஃபேயில் உட்கார்ந்து என் கதைகளை நானே மின்னூலாக்கினேன். முதல் வேலையாக அந்த நாலு சொல்லையும் வெட்டி எறிந்தேன். இதுவரை வாசித்தவர்கள் மூன்று பேர், அதில் ஒருவன் நான். இருக்கட்டும். எங்கள் கூரை ஒழுகிக்கொண்டேதான் இருந்தது என்று மற்ற இருவருக்காவது தெரியும்.