முள்மரத்தடியில் நட்ட சூலம்

இதை எழுதலாமா என்று பல வருடங்கள் தயங்கினேன். சாமி காரியம், அதிகம் படிக்காதவன் எழுதப்போய்ப் பிழையாகிவிடுமோ என்று பயம். ஆனால் கோயிலில் ஆளுக்காள் இந்தச் சூலத்தின் கதையை நீட்டுவதைக் கேட்கக் கேட்க எரிச்சல் தாங்கவில்லை.

தொண்ணூறுகளில் கனடாவில், அஜின்கோர்ட் பகுதியில் வீடு வாங்கினோம். பின்வளவில் வேலியோரம் ஒரு முள்மரம். என் மூன்று வயது மகளின் கண்ணுக்குப் பக்கத்தில் அதன் முள் கீறிவிட்டது. அன்றே வெட்டப் புறப்பட்டேன். பக்கத்து வீட்டு ஐரிஷ்காரக் கிழவர் வேலிக்கு மேலால் கையை நீட்டித் தடுத்தார். அவருடைய ஊரில் வயல் நடுவே வட்டமான பழைய மண்கோட்டைகள் உண்டாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் அவற்றுக்குள் குடியிருக்கிறதாம். இந்த மாதிரி முள்மரம்தான் அவர்களுக்கு வாசலாம். கோட்டையில் நின்ற மரத்தை வெட்டிய அவருடைய தமையனுக்குக் கை முடங்கிப்போனதாம்.

"இது கனடா. இங்கே ஏது கோட்டை?" என்றேன்.

"மரம் இருக்கிறதே" என்றார்.

மனைவியாவது என் பக்கம் நிற்பாள் என்று பார்த்தால், "இஞ்சாருங்கோ, ஊரிலை எங்கடை வைரவரும் மரத்தடியிலை சூலமாத்தானே இருக்கிறார்? உதிலை கை வைக்காதேங்கோ" என்றாள்.

"அப்ப பிள்ளையின்ரை கண்?"

"ஒரு சூலத்தை நட்டு விடுங்கோ. வைரவர் பாத்துக்கொள்ளுவார்."

இரும்புச் சூலம் செய்வித்து நட்டு, திருநீறு பூசிக் கும்பிட்டேன். மறுநாள் காலை கிழவர் வந்து கதவை இடிக்கிறார். அந்தக் கூட்டத்துக்கு இரும்பு ஆகாதாம், கோபம் வருமாம். உடனே பிடுங்கட்டாம். "நட்ட சூலத்தை ஆரும் பிடுங்குவினமோ?" என்று மனைவி குசினி அடுப்படியில் இருந்து கத்துகிறாள். மரத்தை வெட்டவும் விடமாட்டார்கள், சூலத்தைப் பிடுங்கவும் விடமாட்டார்கள். முருகா, இந்த இரண்டு பேருக்கும் நடுவில் என்னை ஏன் வைத்தாய் என்று அழாக்குறையாக நின்றேன்.

அந்த வாரமே மகள் பந்தெடுக்க மரத்தடிக்குள் நுழைந்து நெற்றியில் இரத்தத்தோடு வந்தாள். கிழவர் பார்த்துவிட்டார். உள்ளே போய், கிளை வெட்டும் கத்தரிக்கோலோடு வந்தார். வாங்கப் போனேன், தரவில்லை.

"உனக்குச் சின்னப் பிள்ளை இருக்கிறது. முடங்குவதென்றால் என் கை முடங்கட்டும். வெட்டி முடியும்வரை அவர்கள் கிட்ட வராமல் உன் இரும்பு அங்கேயே நிற்கட்டும்."

பிள்ளைக்கு எட்டும் கீழ்க்கிளைகளை மட்டும் வெட்டினார். இதை முதல் நாளே செய்திருக்கலாமே ஐயா என்று வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

நடந்தது இவ்வளவுதான். வெள்ளைக்காரர் சூலத்தின் முன் விழுந்து கும்பிட்டார் என்று கோயிலில் சொல்வதும், மரம் இரத்தம் வடித்தது என்பதும் பொய். அவர் கை முடங்கவுமில்லை. ஒரு மனிதர் பயந்து பயந்து என் பிள்ளைக்காக வெட்டினார். இதை வாசிப்பவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். வைரவர் அறியச் சொல்கிறேன், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.