திரும்பி நின்ற கூட்டம்

பொறுமைசாலிகளைப் புகழ்ந்து யாராவது பேசினால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. யாரைப் பொறுத்துக்கொண்டார்களோ அவனிடம் போய்க் கேட்டுப் பார்க்க வேண்டும். பதினாறு வயதிலிருந்து இரண்டு வருஷம் தர்மபுரியில் பாதி ஊர் என்னைப் பொறுத்துக்கொண்டது. அந்த இரண்டு வருஷமும் நான் பயந்து செத்தேன்.

யுத்த காலம் அது. தர்மபுரியில் ஒரு ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தேன். படித்தேன் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. என்னை அங்கே கொண்டு போய்ச் சேர்த்தது என் உயரம்தான். காரிமங்கலம் சந்தையில் கேழ்வரகு மூட்டைக்குப் பக்கத்தில் அப்பாவோடு நின்றிருந்தபோது அந்தப் பள்ளியின் டிரில் மாஸ்டர் என்னைப் பார்த்தார். மெட்ராஸில் பயிற்சி முடித்து வந்தவர். அங்கே கற்றுக்கொண்ட பாஸ்கெட்பால் ஆட்டத்தை இங்கே நடத்திக் காட்டியே தீர்வது என்று இருந்தார். அவருக்கு உயரமான பையன்கள் கிடைக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அப்பாவிடம் பேசினார். பையனை அனுப்புங்கள், ஹாஸ்டலில் சாப்பாடு போட்டு நான் படிக்க வைக்கிறேன், இரண்டு வருஷத்தில் ஆட்டக்காரன் ஆகிவிடுவான், ஆகவில்லையென்றால் அந்த இடத்தை வேறு பையனுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். கறாரான மனிதர், ஆனால் நேர்மையானவர்.

அப்பா உடனே ஒப்புக்கொண்டார். அதற்குக் காரணம் என் அண்ணன்.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, மைசூர்ச் சீமைக் காப்பித் தோட்டங்களுக்கு ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரி. மழை பொய்த்த ஒரு வருஷம் அண்ணன் அவரோடு போனான். அப்போது அவனுக்குப் பதினேழு வயது. அடுத்த அறுவடைக்கு முன்னால் மலைக் காய்ச்சலோடு திரும்பி வந்தான். வீட்டில் இருந்த துணி, சாக்கு எல்லாவற்றையும் மேலே போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. அவன் நடுங்க நடுங்கக் கயிற்றுக் கட்டிலின் கால்கள் தரையில் தட்டிக்கொண்டே இருந்தன. நான்காம் நாள் சத்தம் நின்றுவிட்டது. அதற்கு அடுத்த வருஷம் மாமா வந்தபோது, இவனும் ஆளாயிட்டான் என்று என் தோளைத் தட்டினார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஹாஸ்டலில் இருக்கும் வரைக்கும் நான் படிக்கிற பையன். அங்கிருந்து அனுப்பிவிட்டால் மாமாவின் ஆள். இவ்வளவுதான் கணக்கு, இது எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

மைதானத்தை ஒட்டி ஜட்கா வண்டிகள் நிற்குமிடம். சவாரி கிடைக்காத வண்டிக்காரர்கள்தான் முதலில் வேடிக்கை பார்க்க வந்தார்கள். பிறகு புளி மண்டி ஆட்கள், காப்பிக் கடைக்காரர், வேர்க்கடலை விற்கிற அம்மாள் என்று சேர்ந்து, சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டம் என்றால் நூறு நூற்றைம்பது பேர் கூடிவிடுவார்கள். முதலில் புளிக் கூடை ஒன்றின் அடியை அறுத்துப் பலகையில் கட்டியிருந்தார் மாஸ்டர். மழையில் அது இற்றுப் போகவே, கொல்லரிடம் சொல்லி இரும்பு வளையம் அடித்து மாட்டினார். வலை கிடையாது. பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று கண்கொட்டாமல் பார்த்தால்தான் தெரியும்.

இந்த ஆட்டத்தில் ஒருவனை எதிராளி முறை தப்பி இடித்துவிட்டால் விசில் ஊதி நிறுத்துவார்கள். மற்றவர்கள் ஒதுங்கி நிற்க, இடிபட்டவன் ஒரு கோட்டில் நின்று தனியாக வளையத்துக்குள் பந்தைப் போடலாம். நான் உயரம், அதோடு மந்தம். எல்லோரும் என் மேல்தான் வந்து இடிப்பார்கள். ஆகவே அந்தக் கோட்டில் அடிக்கடி நின்றவன் நான்தான். நின்ற மாத்திரத்தில் கட்டில் கால் தட்டுகிற சத்தம் காதில் கேட்கும். பந்து வளையத்தில் பட்டுத் தெறிக்கும், இல்லையென்றால் அதுவும் படாமல் பலகைக்குப் பின்னால் போய் விழும்.

யாராவது திட்டியிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். யாரும் திட்டவில்லை. ஜட்காக்காரர்களில் மூத்தவர் ஒருவர் இருந்தார். நாங்கள் தோற்கிற எல்லா ஆட்டத்துக்கும் தவறாமல் வந்தவர். அவர்தான் அந்தக் கூட்டத்துக்கு ஒருவிதத் தலைவர். நான் கோட்டைவிடும் ஒவ்வொரு தடவையும், "இருக்கட்டும் கண்ணு, அடுத்தது வுழும்" என்பார். மற்றவர்களும் அதையே சொல்வார்கள். வளர்கிற பையன், எலும்பு இன்னும் முற்றவில்லை என்று என் காதில் விழும்படியே பேசிக்கொள்வார்கள். கடைவீதியில் போனால் காப்பிக் கடைக்காரர் கூப்பிட்டு, கை எப்படி இருக்கிறது என்று வைத்தியரைப் போல விசாரிப்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு சந்து வழியாக ஹாஸ்டலுக்கு ஓடுவேன். இவர்களுக்கு என்றைக்கு அலுத்துப் போகும், யார் முதலில் முகத்தைச் சுளிப்பார் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் முகம் முகமாகத் தேடினேன். ஒருவரும் சுளிக்கவில்லை. அதைப் பார்க்கப் பார்க்கப் பயம் கூடியது.

இரண்டாம் வருஷம் மூத்த ஜட்காக்காரர் ஒன்றைக் கண்டுபிடித்தார். விடியற்காலையில் நான் தனியாகப் பழகும்போது பந்து ஒழுங்காக விழுவதைக் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறார். "ஆளில்லாதப்ப வுழுவுது. ஆளிருந்தா வுழுவல. அப்பக் கோளாறு யாருகிட்ட?" என்று வண்டி நிறுத்தத்தில் கேட்டாராம். கோளாறு தங்கள் கண்ணில்தான் என்று எல்லோரும் ஏகமனதாக ஒப்புக்கொண்டார்கள். நூறு பேர் கண் ஒரே பையன் மேல் விழுந்தால் அவன் என்னத்துக்கு ஆவான்?

முதலில் கம்பத்தில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டினார்கள். மாஸ்டர் அதை அறுத்து எறிந்தார். அதற்கு அடுத்த சனிக்கிழமை நான் கோட்டில் போய் நின்றதும் ஜட்காக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாகத் திரும்பி நின்றார். அவரைப் பார்த்து மொத்தக் கூட்டமும் திரும்பியது. வேர்க்கடலைக்கார அம்மாள் தட்டோடு திரும்பினாள். மாஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று ஆட்ட விதியில் எதுவும் இல்லை.

அந்த முதுகுகளை நான் மறக்கவில்லை. ஒருவர் இருமவில்லை, ஒருவர் அசையவில்லை. சாவு வீட்டில் பிணத்தை எடுக்கும்போது நிற்பது போல நின்றார்கள். என் உள்ளங்கை வியர்த்துப் பந்து வழுக்கியது. அன்றைக்குப் பந்து வளையத்தின் பக்கத்தில்கூடப் போகவில்லை. மறுபடி இந்தப் பக்கம் திரும்பிய கூட்டம் என்னை ஒன்றும் சொல்லவில்லை, யார் கள்ளத்தனமாகப் பார்த்தது என்று தங்களுக்குள் விசாரணை நடத்தியது. ஒரு நொடி பார்த்துவிட்டதாக வேர்க்கடலைக்கார அம்மாள் ஒப்புக்கொண்டாள். இனிமேல் தட்டால் முகத்தை மறைத்துக்கொள்வதாகச் சொன்னாள். அந்தப் பருவம் முழுக்க இப்படியே நடந்தது. ஏழெட்டு ஆட்டத்தில் இரண்டோ மூன்றோ தடவை பந்து உள்ளே விழுந்தது. அதையும் அவர்கள் யாரும் பார்க்கவில்லை.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின திங்கட்கிழமை மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். இரண்டு வருஷம் ஆகிவிட்டது, அப்பாவுக்குக் கடிதம் போட்டிருக்கிறேன் என்றார். குரலில் கோபம் இல்லை. சனிக்கிழமை ஆட்டத்தில் எப்படி ஆடுகிறாய் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை மத்தியானம், பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியை எரித்து ஓட்டிய கரிவாயு பஸ்ஸில் அப்பா வந்து இறங்கினார். கையில் ஒரு துணி மூட்டை. பிரித்துக் காட்டினார். ஒரு மாற்று வேட்டி, புளிச்சோறு, அண்ணனுடைய கம்பளி. திங்கட்கிழமை மொரப்பூரில் மாமா ஆட்களோடு ரயில் ஏறுகிறார், பள்ளிக்கூடத்தில் வேண்டாம் என்றால் நாளைக்கே போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் கம்பளியை மடித்துக்கொண்டிருந்தார். துவைத்துக் காயவைத்த கம்பளிதான். என்றாலும் எனக்கு அதைத் தொட முடியவில்லை.

வெளியூரிலிருந்து வந்த பள்ளியோடு ஆட்டம். வழக்கம்போல நாங்கள் பின்தங்கித்தான் இருந்தோம். ஆனால் கடைசி நேரத்தில் எப்படியோ நெருங்கி ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்துக்கு வந்துவிட்டோம். முடிய அரை நிமிஷம்கூட இல்லாதபோது அவர்கள் ஆள் ஒருவன் என் மேல் வந்து இடித்தான். விசில் ஊதியது. பந்து என் கைக்கு வந்தது. போட்டால் சமம்.

ஜட்காக்காரர் துண்டை உதறினார். கூட்டம் திரும்பியது. வந்த ஊர்ப் பையன்கள் இதைப் பார்த்து மிரண்டுபோய் நின்றார்கள்.

நான் வளையத்தை நிமிர்ந்து பார்த்தேன். அதற்குக் கீழே, கம்பத்தை ஒட்டி, மூட்டையை இடுக்கிக்கொண்டு அப்பா நின்றிருந்தார். அந்த மைதானத்தில் வேடிக்கை பார்க்க வந்தவர்களில் என் பக்கம் இருந்த முகம் அது ஒன்றுதான். ஹாஸ்டலில் கண்ணயர்ந்துவிட்டு ஆட்டம் முடிகிற நேரத்துக்கு வந்து ஓரமாக நின்றவருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஏன் எல்லோரும் திரும்பினார்கள் என்று புரியாமல், கண்ணை இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டில் கால் தட்டுகிற சத்தம் கேட்டது. போட்டேன். பந்து வளையத்தின் விளிம்பில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்தது. யாரோ அதை எடுத்து எங்கோ எறிந்தார்கள். ஆட்டம் முடிந்த விசில் நீளமாகக் கேட்டது.

கூட்டம் இன்னும் திரும்பவில்லை. சத்தத்தை வைத்து அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது. ஜட்காக்காரர் அந்தப் பக்கம் பார்த்தபடியே, என்ன ஆயிற்று என்று கேட்டார். அதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. பந்து போடுவதைவிட அது பெரிய கஷ்டமாக இருந்தது.

"போவலிங்க" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். ஜட்காக்காரர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து கம்பத்தடியில் நின்ற அப்பாவிடம் நிறுத்தினார். நீங்கள் திரும்பவில்லையா என்று கேட்டார். இல்லை என்றார் அப்பா. நீங்கள் யார் என்று கேட்டார். பையனின் அப்பன் என்றார். கூட்டத்தில் எல்லோருமே மூச்சுவிட்ட மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. காரணம் கிடைத்துவிட்டது அவர்களுக்கு.

"பெத்தவங்க கண்ணுதானுங்க மொதல்ல படும்" என்றார் ஜட்காக்காரர். கோபமாக இல்லை, ஆறுதலாகவே சொன்னார். "வுடுங்க, போவட்டும். அடுத்த வருசம் வர்றப்ப நீங்களும் திரும்பிக்கோங்க."

அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை, நாளைக்கு மொரப்பூர் போகிறோம் என்று அப்பா சொல்லப்போகிறார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். மாஸ்டரும் வந்து பக்கத்தில் நின்றார். அப்பா மூட்டையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"சரிங்க" என்றார்.

அடுத்த வருஷமா என்று மாஸ்டர் இழுத்தார். பின்னே என்ன, இப்போதுதான் கோளாறு தெரிந்துவிட்டதே என்றார் ஜட்காக்காரர். கூட்டமே தலையாட்டியது. அத்தனை பேரையும் எதிர்த்துக்கொண்டு என்னை அனுப்ப மாஸ்டருக்கு வாய் வரவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மைதானத்தில் இரு என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பஸ் நிற்குமிடத்துக்கு அப்பாவோடு நடந்தேன். டிரைவர் கரியை அள்ளிப் போட்டு அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தான். கிளம்ப நேரமாகும்போல் இருந்தது. அப்பா ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து மூட்டையை மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்கண்ணன் ரயிலு ஏறுனப்ப, எம்புள்ள எப்பிடி வளந்து நிக்கறான்னு கண்ணெடுக்காம பாத்துக்கிட்டே நின்னேன்டா" என்றார். "ரயிலு மறையற மட்டும் பாத்தேன்."

மலைக் காய்ச்சல் கொசு கடித்து வருவது என்று சயன்ஸ் வாத்தியார் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அண்ணன் செத்தது உங்கள் கண் பட்டு அல்ல என்று அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். அப்பா அவ்வளவு பயந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பயம் எல்லாம் எனக்கு மட்டும்தான் என்று அதுவரைக்கும் நினைத்திருந்தேன்.

பஸ் கிளம்பியது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அப்பா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். கையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டினார். புகையும் புழுதியுமாகப் பஸ் போகப் போக நான் அங்கேயே நின்றேன். ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்க்கமாட்டாரா என்று இருந்தது. பார்த்துவிடப் போகிறாரே என்று பயமாகவும் இருந்தது.